படகிலிருந்து ஆம்ஸ்டர்டாம்

ஐரோப்பாவின் புராதன நகரங்களைக் காணப் புறப்படும் யாத்திரிகர் ரோமாபுரியிலும் பாரிஸிலும் கால் வலிக்க நடந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, ஊரின் அமைப்பை ஒருவாறு தெரிந்துகொண்டுவிடலாம். நெதர்லாந்தின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமில் அந்த முறை பாதிதான் பலிக்கும். அந்நகரத்துப் பழைய வர்த்தகர்கள் தங்கள் மாளிகைகளை ஜலத்தை நோக்கியே கட்டினார்கள். சரக்கு வந்து இறங்கியது கால்வாய் வழியே. அது மீண்டும் ஏற்றுமதியானதும் கால்வாய் வழியே. வீட்டுக் கழிவு போய்ச் சேர்ந்ததும், சொல்லச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும், அதே கால்வாயில்தான். ஆகையால் தண்ணீரின் மட்டத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அவ்வீடுகளின் முகப்பு, எந்த நோக்கத்தோடு எழுப்பப்பட்டதோ அந்த நோக்கம் விளங்கும்படி, முழுமையாகத் தெரிகிறது.

இதற்கான படகுகள் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலும், டாம்ராக் துறையிலும், ரைக்ஸ்மியூசியம் என்னும் தேசியக் கலைக்கூடத்தை அடுத்த துறையிலும் காத்திருக்கின்றன. தாழ்ந்த பாலங்களின் அடியில் நுழைந்து போகவேண்டியிருப்பதால் நீளமாகவும் தட்டையாகவும் கட்டி, கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகுகள் ஒரு வகை. சிலரே அமரக்கூடிய திறந்த சிறு படகுகள் மற்றொரு வகை. பெரிய படகில், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி பல பாஷைகளில் விளக்கம் சொல்லும். சிறு படகில் படகோட்டியே வழிகாட்டி. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சுற்று முடிந்துவிடும். மழையில்லாத நாளாக இருந்தால் சிறு படகே மேலானது என்பது என் அபிப்பிராயம். ஒலிப்பதிவிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாதல்லவா?

ஆம்ஸ்டல் என்னும் சிறு நதியின் குறுக்கே அணை கட்டிக் குடியேறிய செம்படவர்களும் சிறு வியாபாரிகளும்தான் இந்த ஊரின் மூலபுருஷர்கள். 1275ஆம் ஆண்டில், ஹாலந்துப் பிரபுவான ஐந்தாம் ஃப்ளோரிஸ், அந்த அணையருகே வசித்தவர்களுக்குச் சுங்கவரியிலிருந்து விலக்கு அளித்துக் கொடுத்த சாசனமே ஊரின் பெயர் காணப்படும் மிகப் பழைய ஆவணம். அவர்கள் குடியேறிய பூமியோ கால் வைத்தால் அமிழும் சதுப்புக் கரிமண். உறுதியான மணற்படுகை பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழேதான் கிடைக்கும். எனவே ஊசியிலை மரங்களை நெடுந்தூரத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து, தலைகீழாக மணற்படுகை வரை அறைந்து இறக்கி, அவற்றின் மேல் வீடு கட்டினார்கள். 1648இல் டாம் சதுக்கத்தில் தொடங்கிய நகர மண்டபம், பிற்காலத்தில் அரண்மனையாக மாறிய கட்டடம், இத்தகைய 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது. வருஷத்தின் 365 நாட்களுக்கு முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்பதையும் சேர்த்துக்கொள் என்று அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணைக் கற்றுக்கொடுப்பது வழக்கம்.

மரம் எப்பொழுதும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் வரையில் அதை அழுகச் செய்யும் பூஞ்சைக்குக் காற்றில்லை. ஆதலால் பல நூற்றாண்டுகள் கெடாமல் இருக்கும். நிலத்தடி நீர் சற்றுத் தாழ்ந்து தூணின் தலை வெளியே தெரிந்துவிட்டாலோ, மேலே நிற்கும் மாளிகைக்கு அன்றே ஆபத்து ஆரம்பம். ஜலமட்டம் ஏறினால் நிலவறைகளில் வெள்ளம், இறங்கினால் அஸ்திவாரத்துக்கு நாசம் என்ற இந்த இரண்டு பயங்களுக்கும் இடையில், சில விரற்கடை வித்தியாசத்துக்குள் தண்ணீரை நிறுத்திவைக்கும் வித்தையைத்தான் அந்த நகரத்தார் தங்கள் முதல் தொழிலாகக் கற்றார்கள். படகில் போகிறவர் கரையழகை மட்டும் பார்த்து இதைப் பார்க்காமல் விட்டால், நாடகத்தின் திரைச்சீலையை ரசித்துவிட்டு வீடு திரும்பியவராகிறார்.

1613இல் ஊரைப் பெரிதாக்க வேண்டி வெட்டத் தொடங்கிய மூன்று பெரிய கால்வாய்கள்தான் இந்தப் பிரயாணத்தின் மையம். உள்ளேயிருந்து வெளியே எண்ணினால், பழைய அகழியாகிய சிங்கெலை அடுத்து ஹேரன்கிராக்ட், பிறகு மூன்றினும் அகலமான கைசர்ஸ்கிராக்ட், அதற்கும் அப்பால் பிரின்சென்கிராக்ட்: பிரபுக்கள், சக்கரவர்த்தி, இளவரசர் ஆகியோரின் பெயர் தாங்கியவை. பழைய ஊரைச் சுற்றி அரைவட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இந்தக் கால்வாய்கள், முன்கூட்டியே அளந்து மனை பிரித்து விற்கப்பட்ட ஒரு பெருந்திட்டம். ஹேரன்கிராக்ட்டில் செல்வர்கள், பிரின்சென்கிராக்ட்டை ஒட்டிக் கிடங்குகளும் பட்டறைகளும், அதற்கும் அப்பால் யோர்டான் என்னும் பகுதியில் தொழிலாளிகளும் அகதிகளும் என்று, யார் எங்கே வசிப்பது என்பதைக்கூடத் தண்ணீரே வரையறுத்துவிட்டது போலிருந்தது. 1660களில் இத்திட்டத்தின் இரண்டாம் பகுதி தொடங்கியபோது, இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கிய கோடீசுவரர்கள் எழுப்பிய மாளிகைகள் நிற்கும் இடத்துக்குப் பொன் வளைவு என்று பெயர். ஆனால் 1672இல் பிரான்சும் இங்கிலாந்தும் ஒருசேரப் படையெடுத்து நாட்டின் செல்வம் தளர்ந்ததும், ஆம்ஸ்டலுக்கு அப்பாலுள்ள மனைகளை வாங்க ஆளில்லாமல் அங்கே தோட்டங்கள் போட வேண்டியதாயிற்று. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2010இல் இந்தக் கால்வாய் வளையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

வீடுகளின் உச்சியைப் பார்க்க வேண்டும். படிப்படியாக ஏறும் முகடு, கழுத்துப்போல் நீண்ட முகடு, மணியின் வடிவில் வளைந்த முகடு என்று அவற்றுக்குக் காலத்துக்கேற்ற பாணி உண்டு. ஆனால் எந்தப் பாணியானாலும் முகட்டின் நடுவே ஓர் உத்தரம் தெருப்பக்கமாக நீண்டிருக்கும், அதன் நுனியில் ஒரு கொக்கி தொங்கும். உள்ளே இருக்கும் படிக்கட்டு ஏணிக்குச் சமமான செங்குத்தும் குறுகலும் உடையது. ஆகவே மிளகு மூட்டையும் துணிப் பொதியும் அந்தக் கொக்கியில் மாட்டிய கப்பி வழியே மேல்மாடிக் கிடங்குக்கு ஏறின. பொதி சுவரில் மோதிக் கண்ணாடியை உடைக்காமலிருக்க முகப்பையே சற்று முன்புறமாகச் சாய்த்துக் கட்டினார்கள். இன்றைக்கும் வீடு மாற்றுகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் ஜன்னல் வழியேதான் ஏற்றுகிறார்கள். பக்கவாட்டில் சாய்ந்து, தோழர்மேல் தோள் சாய்த்த குடிகாரர்களைப் போல் நிற்கும் வீடுகள் வேறு. அவை கட்டியவர் உத்தேசித்தவை அல்ல, அடியிலுள்ள தூண் தளர்ந்ததன் அடையாளம்.

வழிகாட்டிகளின் கதைகளை முழுவதும் நம்பாமல் கேட்பது நல்லது. சிங்கெல் கால்வாயில் ஏழாம் எண் வீட்டைக் காட்டி, கதவின் அகலமே வீட்டின் அகலம், உலகிலேயே ஒடுங்கிய வீடு இதுவே என்று ஆச்சரியப்படச் செய்வார்கள். உண்மையில் அது அகலமான ஒரு வீட்டின் பின்புற முகப்பு மாத்திரமே. மெய்யாகவே ஒடுங்கிய வீடு வேண்டுமானால் அவுடெ ஹோக்ஸ்ட்ராட் என்னும் தெருவில் இரண்டு மீட்டர் அகலமே உள்ள ஒன்று இருக்கிறது. படகு அங்கே போகாது. கால்வாயின் ஆழம் மூன்று மீட்டர், அதில் ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், ஒரு மீட்டர்தான் தண்ணீர் என்பது எல்லாப் படகோட்டிகளும் சொல்லும் ஹாஸ்யம். இதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சைக்கிள்களை இரும்புக் கரங்களையுடைய தோணிகள் வாரி எடுக்கின்றன.

அந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் சகிக்க முடியாத நாற்றமுடையது. கோடை வந்தால் செல்வர்கள் மாளிகையைப் பூட்டிவிட்டு, ஃபெக்ட் நதிக்கரையிலிருந்த தங்கள் தோட்ட வீடுகளுக்கு ஓடிவிடுவார்கள். இன்று இரவு வேளைகளில் மதகுகளைச் சாத்திக் கிழக்கேயுள்ள ஏரியிலிருந்து நல்ல ஜலத்தைப் பாய்ச்சிக் கால்வாய்களைக் கழுவுகிறார்கள். படகு வீடுகளின் கழிவும் சாக்கடைக் குழாய்களில் சேர்க்கப்பட்டுவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வீடு கிடைக்காத தரித்திரர்கள் தஞ்சம் புகுந்த அந்தப் படகு வீடுகள் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கலாம். இப்போது அவற்றின் விலையைக் கேட்டால் தரித்திரர் பக்கத்தில்கூடப் போக முடியாது.

நீர்மட்டத்தை அளக்கும் கலையில் ஒரு பெயரை நினைவுகூர வேண்டும். நகராதிபதியாகவும் கணித மேதையாகவும் விளங்கிய யோஹான்னஸ் ஹூடே, 1680களில் மதகுகளில் எட்டுச் சலவைக் கற்களைப் பதிப்பித்து, கடல்நீர் எவ்வளவு உயர்ந்தாலும் ஊருக்குள் வராத உயரத்தைக் குறித்துவைத்தார். அந்த அளவிலிருந்து பிறந்த ஆம்ஸ்டர்டாம் நீர்மட்டமே நெதர்லாந்து முழுவதற்கும், பிற்காலத்தில் மேற்கு ஐரோப்பிய தேசங்கள் பலவற்றுக்கும், உயரத்தை அளக்கும் பூஜ்யமாக ஆயிற்று. நகரசபைக் கட்டடத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குள் கடலின் தற்போதைய மட்டமும், 1953ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் நீர் எட்டிய 4.55 மீட்டர் உயரமும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். படகிலிருந்து இறங்கியவுடன் அங்கே போய்ப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

இவ்வளவு ஜாக்கிரதையாகக் காத்த கால்வாய்களையும் ஜனங்கள் ஒரு காலத்தில் தூர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுகாதாரத்துக்காகவும் வண்டிப் போக்குவரத்துக்காகவும் பல கால்வாய்கள் தெருவாயின. பணமெல்லாம் இழந்த ஓவியர் ரெம்பிராண்ட் தம் கடைசி நாட்களைக் கழித்த ரோஸன்கிராக்ட்டும் அவற்றில் ஒன்று. இன்று அங்கே டிராம் ஓடுகிறது. 1954இல் போலீஸ் தலைவராயிருந்த காஸ்யாகர், மோட்டார்களுக்கு வழிவிட மேலும் பல கால்வாய்களைத் தூர்க்க யோசனை சொன்னார். ஜனங்கள் கொதித்தெழுந்ததால் தப்பியவைதான் இன்றைய உல்லாசப் பிரயாணத்தின் பெரும் பகுதி. பிரின்சென்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தின் முன்னே படகு மெதுவாகச் செல்லும்: 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஒளிந்திருந்த இடம். அதனுள் செல்ல விரும்புகிறவர்கள் வாரங்களுக்கு முன்பே அனுமதிச் சீட்டுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

மாளிகைகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஒலிப்பதிவு சுருக்கமாக முடித்துவிடுகிறது. தமிழ் வாசகர்கள் அவ்வாறு முடிக்க வேண்டியதில்லை. கால்வாய் வெட்டத் தொடங்கிய அதே 1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துகீசியரிடமிருந்து அதன் கைக்கு மாறின. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணிகளைக் கொண்டுபோய்க் கிழக்கிந்தியத் தீவுகளில் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாற்றி, அந்த வாசனைத் திரவியங்களை ஆம்ஸ்டர்டாமில் விற்றார்கள். துணியோடு அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மனிதர்களும் நம் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை வாணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக 2021 ஜூலை முதல் தேதி மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பாதிரி பால்டேயுஸ், நம் கரையையும் இலங்கையையும் வர்ணித்துத் தமிழ் எழுத்துக்களின் படங்களோடு வெளியிட்ட நூல் 1672இல் அச்சேறியதும் இவ்வூரிலேயே.

கம்பெனியின் தலைமை மாளிகை க்ளோவெனியர்ஸ்புர்க்வால் என்னும் கால்வாய்க்கு அருகில், மேலே சொன்ன ஒடுங்கிய வீடு இருக்கும் அதே தெருவில் இருக்கிறது. நடந்து போவதே வசதி. 1606இல் கட்டத் தொடங்கிய அந்தச் செங்கல் கட்டடத்தில் இப்பொழுது சர்வகலாசாலை மாணவர்கள் படிக்கிறார்கள். கம்பெனியை நடத்திய பதினேழு கனவான்கள் ஆறு வருஷம் இங்கும் அடுத்த இரண்டு வருஷம் மிடில்பர்க் நகரிலும் மாறி மாறிக் கூடினார்கள். கிழக்கே எந்தெந்தத் துணி, எத்தனை, என்ன நீளத்திலும் நிறத்திலும் வேண்டும் என்ற பட்டியல்களை வருஷந்தோறும் தயாரித்து அனுப்பினார்கள்.