ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?

“அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்கள்ல பாதிப்பேருக்கு ரெண்டாம் வகுப்புப் பாடமே படிக்க வரலையாம்!” இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், பெற்றவர்களுக்குப் பகீரென்கிறது. கூடவே ஒரு சந்தேகமும் எழும்... நாட்டிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளையுமா கேட்டார்கள்?

இல்லை. ‘பிரதம்’ தன்னார்வ அமைப்பின் ‘ஏசர்’ ஆய்வில் ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். அவ்வளவுதான்!

ஒரு சோற்றைப் பதம் பார்ப்பதென்றாலும், கிளறிவிட்டு எடுத்தால்தானே சரி? அடியில் குழைந்து, மேலே வேகாமல் இருக்கலாம் இல்லையா? அந்தக் கிளறலை இங்கேயும் செய்கிறார்கள். கிராமத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என ஏறி இறங்குகிறார்கள். தெரிந்தவர் வீடு, வசதியான வீடு என்று தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்கே வருவதால், அன்றைக்கு லீவு போட்ட பிள்ளையும், படிப்பை நிறுத்திய பிள்ளையும்கூட கணக்கில் வந்துவிடுவார்கள்.

அடுத்தது, சராசரி. ஒரு மாவட்டத்தில் 4 லட்சம் பிள்ளைகள். 30 சதவிகிதம் பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 1 லட்சம் பேர். 70 சதவிகிதம் படிக்கிறார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் 50 வரும். அது தப்பு! 5 லட்சம் பேரில் படிப்பவர்கள் 1.9 லட்சம், அதாவது 38 சதவிகிதம்தான். பெரிய மாவட்டத்துப் பிள்ளையின் பதிலுக்குக் கூடுதல் ‘எடை’ தருவது இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஊரின் 20 வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பள்ளி, ஒரே டீச்சர். அதனால் பதில்களும் ஒரே மாதிரி இருக்கும். 20 ஊர்களில் 20 வீடுகளைக் கேட்டால் கிடைக்கும் தெளிவு இதில் கிடைக்காது. எனவே, ஒரு மாவட்டத்தில் ஓரிரு சதவிகிதம் ஏறி இறங்கினால் பதற வேண்டாம். ஆனால், நாடு முழுக்க கிராமப்புற ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018-ல் 50.5 சதவிகிதம், கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 42.8, 2024-ல் 48.8. இது கவனிக்க வேண்டிய சரிவு, ஆறுதல் தரும் மீட்சி.

இந்த எண்கள் நாட்டைப் பற்றிச் சொல்லும். உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லாது. அதற்கு வழி சுலபம். இன்றிரவு ஒரு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, “ஒரு கதை படிச்சுக் காட்டு கண்ணு” என்று பக்கத்தில் உட்காருங்கள். திணறினால் திட்டாதீர்கள். நாளையும் உட்காருங்கள்!