மண் கோப்பையின் கணக்கு

கடந்த மாதம் யுவதியொருவர் தன் கையால் வனைந்த ஆறு தேநீர்க் கோப்பைகளையும், பலகையில் செதுக்கி மையிட்டு அச்செடுத்த சில படங்களையும் எனது கடைக்குக் கொண்டு வந்தார். கோப்பையொன்று 1,800 ரூபா என்றார்.

"400 ரூபாவுக்கும் இங்கே கோப்பை இருக்கிறதே மகள்" என்றேன்.

"பத்துச் சுட்டால் மூன்று சூளையிலேயே வெடித்துவிடும் முதலாளி. அந்த நட்டத்தையும் மற்ற ஏழும்தானே சுமக்க வேண்டும்" என்றார். முப்பது வருடமாகப் பீங்கான் விற்கும் நான் இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

தனக்கு முன்மாதிரி பேர்னாட் லீச் என்றார். 1887இல் ஹொங்கொங்கில் பிறந்த அந்த ஆங்கிலேயர், செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் கலையைக் கற்பிக்கும் எண்ணத்துடன் 1909இல் ஜப்பான் சென்றவர். 1911இல் ஒரு விருந்தில், தான் சித்திரம் தீட்டிய மண்பாண்டம் கண்ணெதிரே சுட்டெடுக்கப்பட்டதைப் பார்த்து மட்பாண்டக் கலைக்கு மாறினார். 1920இல் ஹமாடா ஷோஜியுடன் இங்கிலாந்தின் சென்ட் ஐவ்ஸில் பட்டறை அமைத்தார். ஆரம்ப வருடங்கள் பணமுடைதான். கலைப் பாண்டங்களோடு வீட்டுப் பாவனைப் பொருட்களையும் பட்டியலிட்டு விற்கத் தொடங்கிய பின்பே பட்டறை நிமிர்ந்தது.

இந்த யுவதிக்கு அச்சுப் படங்கள் கைகொடுக்கலாம். ஒரே பலகையில் பல பிரதிகள் எடுக்கலாம். சூளையில் வெடிக்கும் பயமில்லை. பலகையில் செதுக்கும் இலையும் கொடியுமே பின்னர் கோப்பையிலும் ஏறுகின்றனவாம்.

"விற்றபின் பணம்" என்பது எம் போன்ற வியாபாரிகளின் வழக்கம். அடுத்த சூளைக்கு விறகு வாங்க வேண்டியவருக்கு அது சரிவராது. ஆறையும் காசு கொடுத்தே வாங்கினேன். இரண்டு விற்றுவிட்டன. நான்கு இன்னும் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. விலையைக் குறைக்க மாட்டேன்.