சித்தியை ‘ஆன்ட்டி’ ஆக்காதீர்கள்

திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றுவரை எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆந்திரப் பக்கம் உள்ள நமக்கு வீட்டில் தமிழ், படிவத்தில் தெலுங்கு, பாஸ்போர்ட்டில் ஆங்கிலம். சிக்கல் ‘மீசேவா’ என்னும் அரசுச் சேவை மையத்தின் கவுன்டரில்தான் தொடங்குகிறது.

அம்மாவின் தங்கை சித்தி, சித்தப்பாவின் மனைவி சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டியவரும் சித்திதான். படிவம் எழுதித் தருபவர் மூவரையும் ‘ஆன்ட்டி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். முதல் மனைவி காலமான பின் முறைப்படி மணந்த சித்தி, கணவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளோடு சமபங்கு உண்டு. ‘ஆன்ட்டி’ என்று பதிவானவர் அந்தப் பங்கைக் கேட்டு வாங்குவதற்குள் படாதபாடு படுவார்.

சட்டத்தின் இரண்டாம் வகுப்புப் பட்டியலைப் பாருங்கள். தந்தையின் சகோதரர் 7ஆம் இடம், தாயின் சகோதரர் 9ஆம் இடம். ஆங்கிலத்தில் எழுதிய சட்டமாக இருந்தும் ‘அங்கிள்’ என்ற சொல்லே அதில் கிடையாது! ஆகவே பெரியப்பாவைத் ‘தந்தையின் அண்ணன்’ என்றும், மாமாவைத் ‘தாயின் தம்பி’ என்றும், அப்பா கட்டிய சித்தியைத் ‘தந்தையின் இரண்டாம் மனைவி’ என்றும் ஆங்கிலத்தில் விரித்தே எழுதச் சொல்லுங்கள். நமக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல இது. ஜப்பானில் 1872 முதல் இருந்துவரும் ‘கொசெகி’ குடும்பப் பதிவேட்டில் மூத்த மகன், இரண்டாம் மகன் என்று வரிசையோடு எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் வெறும் ‘மகன்’ என்று போட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

இன்னொரு வம்பு, இனிஷியல். தமிழ் வழக்கில் அது அப்பா பெயர். தெலுங்கு வழக்கில் ‘இண்டி பேரு’, அதாவது வீட்டுப்பெயர். அண்ணனுக்கு அப்பா பெயரும் தங்கைக்கு வீட்டுப்பெயரும் விரிவாகிவிட்டால் காகிதத்தில் இருவரும் இரண்டு குடும்பம். இனிஷியலை விரிக்காமல் விடுவதும் ஆபத்து: பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் தடை போட்டபோது, வளைகுடாவுக்குப் போகவிருந்த பலர் தவித்தார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், யோசித்து மாற்றுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே அடிப்படை. அதில் பிழை இருந்தால் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் முதலில் அதைத் திருத்துங்கள். மற்றவை பிறகு.

தாசில்தார் தரும் குடும்ப உறுப்பினர் சான்றிதழ், யார் என்ன உறவு என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்க்காது. பங்கில் தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான். இறந்தவருக்கு வரவேண்டிய வங்கிப் பணம் போன்றவற்றுக்கு, பணம் தர வேண்டியவர்கள் கேட்டால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

உறவு தவறாகப் பதிவாகியிருந்தால் தெலுங்கு எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு தருகிறது. தமிழிலேயே கொடுங்கள், நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்த விண்ணப்பம் மட்டும் தெலுங்கு, ஆங்கிலம், இந்தி இவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். எழுதிக் கேட்க இயலாதவர் வாயால் சொன்னால் போதும். அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அலுவலரின் கடமை என்று 6ஆம் பிரிவு சொல்கிறது.