லீவுக்குப் பிள்ளைகளோடு தோப்புக்குப் போறீங்களா? பறிக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கோடை லீவுக்குப் புதுக்கோட்டை பக்கம் போறீங்களா? பிள்ளைகளை ஒருநாள் தோப்புக்கும் கூட்டிட்டுப் போங்க. கீரமங்கலம், வடகாடு பகுதியில் பலா, ஆதனக்கோட்டை பக்கம் முந்திரி, பல ஊர்களில் மா. ஆனால், மூன்றையும் ஒரே மாதிரி பறிக்க முடியாது.

பலா: அடிமரத்திலேயே காய்ப்பதால் சின்னப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கலாம். முள் அகன்று, வாசனை வந்தால் பழுத்துவிட்டது. வெட்டுவது பெரியவங்க வேலை. பால் ஒட்டாமல் இருக்க கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கணும்.

முந்திரி: கீழே விழுந்ததைப் பொறுக்குவதுதான் வழக்கம். பழத்தைச் சாப்பிடலாம். பச்சைக் கொட்டையைக் கடிக்கவே கூடாது. ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் வாயும் தோலும் புண்ணாகிடும்.

மா: காம்போடு பறிக்கணும். காம்பில் வடியும் பால் பட்டால் எரியும், உடனே கழுவிடுங்க. முற்றிய காயை வைக்கோலில் வைத்தால் சில நாளில் பழுத்துடும். கார்பைடு கல் வேண்டாம். அதில் பழுக்க வைத்த பழத்தை விற்க 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளே தடை போட்டிருக்கு.

முக்கியமா, தோப்புக்காரரிடம் கேட்டுட்டுப் போங்க. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல், இந்தப் பகுதியில் பல வருஷத்து மரங்களை வேரோடு சாய்த்தது. விதை போட்டு வளர்த்த பலா காய்க்கவே 7, 8 வருஷம் ஆகலாம். அதனால் கிளையை ஒடிக்காமல், பிஞ்சைப் பறிக்காமல் பார்த்துக்கோங்க. பறித்த பழத்துக்கு அவர் சொல்லும் விலையைப் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்க.