நிலவொளிச் சதுக்கத்தில் மீண்டும் வணிகம்

பழைய தில்லியின் சாந்தினி சௌக் வீதியில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தால், ஒரு நகரம் தன் பொருளை எவ்வாறு ஈட்டுகிறது என்பதையும், எதற்கு அஞ்சுகிறது என்பதையும் ஒருசேரக் காணலாம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பதேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளும் அவ்வீதியில், திருமணப் புடவை தேடும் குடும்பங்களும் மூட்டை சுமப்போரும் மிதிவண்டி ரிக்‌ஷாக்களும் நெருக்கியடித்து நகர்கின்றனர். அந்நெரிசலில் பலருடைய கை தம் சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

ஷாஜகானின் மகள் ஜகனாரா பேகம் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வடிவமைத்த கடைவீதி இது. நடுவே இருந்த நீர்நிலையில் நிலவொளி மின்னியதால் இப்பெயர் அமைந்தது என்பர். தரீபா கலானில் நகை, கினாரி பஜாரில் சரிகை, காரி பாவ்லியில் நறுமணப் பொருள், நயீ சடக்கில் புத்தகம் எனச் சந்துக்கு ஒரு தொழில் இன்றும் நிலைத்திருக்கிறது. பேகம் சம்ரூவின் மாளிகை 19ஆம் நூற்றாண்டில் ஒரு வங்கியின் இருப்பிடமாயிற்று; இன்று அது பாகீரத் பேலஸ் என்னும் மின்பொருள் சந்தை. ஆட்சிகள் மாறினும் வணிகம் இடம் பெயரவில்லை.

ஆயினும் வாகன நெரிசலும், தலைக்கு மேல் தொங்கிய மின்கம்பிகளும், நடக்க இடமில்லாத நிலையும் வாடிக்கையாளரைப் புறநகர்ப் பேரங்காடிகளை நோக்கித் தள்ளின. இணைய வணிகமும் போட்டிக்கு வந்தது. இந்நிலையில் 2018ஆம் ஆண்டின் இறுதியில் வீதியைச் சீரமைக்கும் பணி தொடங்கி, 2021 செப்டம்பரில் நிறைவுற்றது. கம்பிகள் நிலத்தடிக்குச் சென்றன. செந்நிறக் கல் பாவிய நடைபாதைகளும் இருக்கைகளும் வந்தன. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. விளக்கொளியில் குடும்பத்துடன் உலாவ மக்கள் மீண்டும் வரலாயினர்.

ஆனால் கல் பாவுவது எளிது. அதனைக் காப்பதே கடினம். தடை நேரத்திலும் இருசக்கர வாகனங்கள் நுழைவது, வாகனத் தடுப்புத் தூண்கள் உடைவது, பொருத்திய சாதனங்கள் களவு போவது, கூட்டத்தில் பணப்பையும் கைப்பேசியும் பறிபோவது ஆகியவை குறித்து வணிகர்கள் முறையிட்டு வருகின்றனர். இவற்றைச் சிறு குற்றங்கள் என ஒதுக்குதல் தகாது. இரவில் அஞ்சும் குடும்பம் அந்தி சாயுமுன் வீடு திரும்புகிறது. வாங்குவோர் குறைந்தால் கடைக்கதவு முன்னதாகவே இறங்குகிறது. கதவு இறங்கினால் வீதி இருள்கிறது. இருள் அச்சத்தை வளர்க்கிறது. இச்சுழலில் முதலில் நசிவது பெருங்கடையன்று. அன்றாட விற்பனையை நம்பி வாழும் சிறுகடையே.

வங்கிப் பணியில் உள்ள நாங்கள் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும்பொழுது சரக்கிருப்பையும் விற்றுமுதலையும் பிணையையும் ஆராய்கிறோம். அச்சம் என்றொரு கலம் அப்படிவத்தில் இல்லை. எனினும் மாலை விற்பனை இரண்டு மணி நேரம் குறைந்தால், தவணையைச் செலுத்தும் ஆற்றலும் குறையும் என்பதை நாங்கள் அறிவோம்.

எனவே, காவலரும் கண்காணிப்புக் கேமராவும் தேவை எனினும் அவை மட்டும் போதா. வீதியை நோக்கியிருக்கும் கண்களே வீதிக்குக் காவல் என்ற கருத்தை, அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். திறந்திருக்கும் கடையும், எரியும் விளக்கும், நாளும் அதே மூலையில் நிற்கும் சிறு வியாபாரியும் அத்தகைய கண்களே. இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. நடைபாதைக் கடைகள் பெருகினால் நடக்க வழியில்லை, திருடருக்கு நெரிசல் வசதியாகிறது. அனைத்தையும் அகற்றினால் பல குடும்பங்கள் பிழைப்பை இழக்கின்றன, வீதியும் தன்னை அறிந்த சில கண்களை இழக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு, சான்றிதழ், வரையறுத்த விற்பனை இடம் என்னும் நடுவழியைக் காட்டுகிறது. பிணையின்றி முதற்கடனாக 10,000 ரூபாய் வரை வழங்கி 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தால், இவ்வியாபாரிகளுள் பலர் வங்கிக் கணக்கேட்டில் இடம் பெற்றனர். பெயரும் இடமும் பெற்ற வியாபாரி வீதிக்குப் பொறுப்பும் ஏற்பார் என்பது எங்கள் கருத்து.

குற்றத்தின் முகமும் இன்று மாறியுள்ளது. முன்பு இரவில் பணப்பையுடன் வீடு திரும்பும் வணிகரே குறிவைக்கப்பட்டார். 2016இல் யுபிஐ வந்தபின் பெரும்பகுதிப் பணம் கைப்பேசிக்குள் குடியேறியது. ஆகவே பறிபோவது கருவி மட்டுமன்று. கணக்கின் வாயிலும் ஆகலாம். எனவே கடைவீதிக்குச் செல்லும் வாடிக்கையாளர் சிலவற்றை மனத்தில் இருத்துதல் நன்று.

கைப்பேசிக்குத் திரைப்பூட்டும், சிம் அட்டைக்குத் தனிக் குறியெண்ணும் இடுங்கள். யுபிஐ ரகசிய எண்ணைக் கைப்பேசியில் எழுதி வைக்காதீர்கள். பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை; கேட்பவர் ஏமாற்றுபவரே. கியூஆர் குறியைப் படித்தவுடன் திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் உறுதி செய்யுங்கள். கடைக்காரர்களும் தம் குறியின்மீது வேறொரு தாள் ஒட்டப்பட்டுள்ளதா என்று காலைதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி தொலைந்தால் முதலில் வங்கிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் கருவியை முடக்கலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

காலம் இங்கு மிக முக்கியம். வாடிக்கையாளரிடமோ வங்கியிடமோ தவறின்றி, மூன்றாம் தரப்பினரால் நிகழ்ந்த அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனையை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்தது. ரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்துவைப்போர் பலரை நாங்கள் கண்டிருக்கிறோம். ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. விரைந்து சொன்னால் போதும்.

வீதியைச் செப்பனிடுவது அரசின் கடமை. காப்பது காவல்துறையின் கடமை. அவ்வீதிக்கு மாலையிலும் சென்று, விழிப்புடன் பொருள் வாங்கித் திரும்புவது நம் பங்கு. அச்சத்தால் நாம் விலகும்பொழுது அவ்விடத்தைக் குற்றத்திற்கே விட்டுக்கொடுக்கிறோம். நாம் செல்லும்பொழுது ஒரு கடையின் விளக்கு இன்னும் ஒரு மணி நேரம் எரிகிறது. அவ்வொளியில் அடுத்தவரும் அச்சமின்றி நடக்கிறார்.