உஷார்! எய்ட்ஸ் ஊரைவிட்டுப் போகவில்லை

“எய்ட்ஸா? அதெல்லாம் அந்தக் காலத்து நோய்” என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று தமிழ்நாட்டுச் சுவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது இவர்களில் பலர் பிறக்கவே இல்லை. அந்த விளம்பரம் நின்று பல வருஷமாகிறது. கிருமி நிற்கவில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2023-இல் மட்டும் இந்தியாவில் 68 ஆயிரம் பேருக்கு மேல் புதிதாகத் தொற்றியிருக்கிறது. அதே ஆண்டில் 35 ஆயிரம் பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இத்தனை சாவு!

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். அன்று நடக்கும் நிதி திரட்டும் நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்கிறார்கள் உறவுக்காரர்கள். காரணம் அவர்களுக்கே தெரியும்.

என் சித்தப்பா லாரி ஓட்டினார். 1990-களின் கடைசியில் காய்ச்சலும் பேதியுமாக உடம்பு உருகிப்போய் வீடு திரும்பினார். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை வெளித்திண்ணையில். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. யாரும் தொடாமலே செத்துப்போனார். உடலைக் குளிப்பாட்ட எங்கள் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை.

சித்தியையும் பரிசோதிக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது. சில வருஷம் கழித்து அவருக்கும் பாசிட்டிவ் என்று தெரிந்தது. நல்லவேளையாக, 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியிருந்தது. தாம்பரம் சானடோரியம் அதன் முதல் மையங்களில் ஒன்று. சித்தி மாத்திரையைத் தவறவிடுவதே இல்லை. பேரன் பேத்தி பார்த்துவிட்டார். ஆனால் நடைக்கு மட்டும் வரமாட்டார். “யாராவது பாத்துட்டா?” என்கிறார். அவருக்கும் சேர்த்து நான் நடக்கிறேன். (இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றார்.)

இப்போது நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டியது. தொற்றிய சில வாரங்களில் சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்து போகும். பிறகு பல வருஷம் ஓர் அறிகுறியும் இருக்காது. ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆணுறை இல்லாத உறவு பழைய ஆபத்து. புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது: வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். தமிழ்நாட்டில் இதற்காகப் பையன்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. ஒரே ஊசி கைமாறினால் கிருமியும் கைமாறும். பெற்றோர்களே, வீட்டில் பேசுங்கள்!

ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். அதற்குள் தொடங்கினால்தான் தடுப்பு மருந்துக்குப் பலன் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அடியோடு குணமாக்குகிறேன் என்று லேகியம் விற்பவரை நம்பி நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிடும். அப்புறம் அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு வந்தவரிடமிருந்து உறவின் மூலம் அது பரவாது. கர்ப்பத்தின்போதே தெரிந்து மருந்து எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் குழந்தையும் தப்பிவிடும்.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாசிட்டிவ் என்பதற்காக வேலையைவிட்டு நீக்குவதையும் தடுக்கிறது. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. நடைக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வாரமே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.