மணிக்கணக்கில் வாடகை ஓடுது... வயலில் திணறும் பழைய அறுவடை இயந்திரம்: சிக்கல் எங்கே?

சம்பா அறுவடை நேரத்தில் டெல்டா கிராமங்களில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. நெல் அறுக்கும் மிஷின் பத்தடி நகரும். உர்ர்ரென்று ஒரு சத்தம். நிற்கும். டிரைவர் இறங்கி, முன்பக்கம் சிக்கிய தாளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏறுவார். மறுபடி பத்தடி.

வரப்பில் நிற்கும் விவசாயிக்கு இது வெறும் தாமதம் இல்லை. வாடகை மணிக்கணக்கு. ஏக்கருக்கு ஒரு மணி நேரம் ஆகிற வயலில், அடைப்பு எடுக்க மட்டும் 20 நிமிடம் போனால், வாடகையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதற்குள் மழை வந்துவிட்டால் கதை வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது, அந்த வரம்பை மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்த வேண்டியிருந்தது.

பழைய மிஷின் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பல நேரம் கோளாறு இன்ஜினில் இல்லை. வயலில் நிற்கும் பயிர் மிஷினுக்குள் போகிற வழியில் இருக்கிறது.

பயிர் உள்ளே போவது எப்படி?

முன்னால் சுற்றுகிற ரீல், கதிரைப் பிடித்து பிளேடு பக்கம் சாய்க்கும். பிளேடு அறுத்த தாளை, திருகு போல இருக்கும் ஆகர் இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்குத் தள்ளும். அங்கிருந்து ஃபீடர் செயின் அதை மேலே இழுத்து, கதிரடிக்கும் டிரம்முக்குக் கொடுக்கும்.

இந்த ஓட்டம் சீராக இருக்க வேண்டும். தாள் கட்டியாகப் போனால் டிரம் திணறும், நெல்மணி முழுசாக உதிராமல் வைக்கோலோடு பின்னால் போய்விடும். அடுத்த நொடி டிரம் காலியாக ஓடினால், வருகிற கொஞ்சம் நெல்லும் அடிபட்டு உடையும். டிரைவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு டிரம்மில்தான் கை வைக்கிறார்கள். நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்!

முதல் சந்தேகம் பிளேடு மேலே

மழுங்கின பிளேடு தாளை அறுக்காது, மென்று பிய்க்கும். வேரோடும் மண்ணோடும் வருகிற தாள் ஆகரில் உருண்டு கட்டியாகிவிடும். இருப்பதிலேயே செலவு குறைவான ரிப்பேரும் இதுதான்.

அடுத்து ரீல். வண்டி போகிற வேகத்தைவிட இது கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். நேராக நிற்கும் பயிருக்கு 1.1 முதல் 1.25 மடங்கு என்பது பொதுவான கணக்கு. வண்டி மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால், ரீல் நுனியின் வேகம் சுமார் 3.3 முதல் 3.75 கிலோமீட்டர். அதைவிட வேகமாகச் சுற்றினால் மணி வயலிலேயே உதிரும். மெதுவாகச் சுற்றினால் அறுத்த தாள் பிளேடு மேலேயே குவியும். பழைய மாடல்கள் சிலவற்றில் ரீல் வேகத்தை மாற்ற புல்லியையோ ஸ்பிராக்கெட்டையோ கழற்றி மாட்ட வேண்டும். அந்த அலுப்பிலேயே சீசன் முழுக்க ஒரே வேகத்தில் ஓட்டிவிடுகிறார்கள்.

சாய்ந்த பயிருக்குக் கணக்கு வேறு. வெள்ளைப் பொன்னி, மாப்பிள்ளை சம்பா மாதிரி உயரமாக வளரும் நெல் சாய்ந்துவிட்டால், ரீலை இறக்கி, முன்னால் தள்ளி வைத்து, அதன் பற்களைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பயிர் சாய்ந்த திசைக்கு எதிராக ஓட்டினால் நன்றாகத் தூக்கும். ஆனால் அப்படி ஒரே பக்கமாக அறுத்தால் திரும்பி வரும்போது வண்டி சும்மா வரும். அந்த நேரத்துக்கும் வாடகை யார் கொடுப்பது? வரப்பில் நடக்கிற பாதி சண்டை இதற்குத்தான்.

தேய்ந்து போன இடைவெளி

வயதான மிஷினின் உண்மையான பிரச்சினை தேய்மானம். பல சீசன் ஓடிய ஆகரின் திருகுத் தகடு ஓரம் தேய்ந்து, அடித்தட்டுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி கூடிவிடும். நெல் மாதிரி பயிருக்கு இது சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் இருந்தால் போதும் (மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருப்பதே இறுதி). இடைவெளி பெரிதானால் தாள் அங்கேயே தங்கி, சேர்ந்து, மொத்தமாக உள்ளே விழும். ஆகர் நடுவில் நீண்டு சுருங்கும் விரல் கம்பிகளில் இரண்டு மூன்று உடைந்திருந்தாலும் இதே கதைதான்.

ஃபீடர் செயினும் வருஷக்கணக்கில் நீளும். தொளதொளவென்று இருந்தால் அதன் குறுக்குப் பட்டிகள் தாளைப் பிடிக்காமல் மேலே வழுக்கிப் போகும். முன்பக்கம் பட்டி அடித்தட்டை உரசியும் உரசாமலும் போகிற அளவுக்கு இழுத்துவிட வேண்டும். ரொம்ப முறுக்கினால் செயினும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால், புது செயின் மட்டும் போடுவது வீண் செலவு.

இன்னொரு பழக்கமும் உண்டு. டீசல் மிச்சம் பண்ண ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஓட்டுவது. ரீல் தொடங்கி டிரம் வரைக்கும் எல்லாவற்றையும் சுற்றுவது அதே இன்ஜின்தான். அதைக் குறைத்தால் எல்லாமே மந்தமாகும். இன்ஜின் வேகத்தை முழுசாக வைத்து, வண்டி நகரும் வேகத்தை மட்டும் குறைப்பதுதான் சரி.

அறுக்கும் உயரத்தைக் கூட்டினாலும் உள்ளே போகிற தாள் குறையும், திணறல் குறையும். ஆனால் மாடு வைத்திருப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு வைக்கோல் வேண்டும்.

கையை விடாதீங்க

அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை நிறுத்தாமல் கையை விடுவதுதான் இதில் மிக ஆபத்தான விஷயம். சிக்கின தாள் விடுபட்ட நொடியில் ஆகர் சுற்ற ஆரம்பிக்கும். கையை இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்காது. இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, தூக்கி வைத்த முன்பகுதிக்கு முட்டு கொடுத்த பிறகுதான் அருகே போக வேண்டும்.

வாடகைக்கு மிஷின் பிடிக்கிறவர் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. முதல் பத்து மீட்டர் அறுத்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் விழுந்த வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து உதறிப் பார்க்கலாம். கதிரில் மணி ஒட்டிக்கொண்டிருந்தால், அரை மணி நேரம் செலவழித்து சரிசெய்த பிறகு ஓட்டச் சொல்வது லாபம். செயின், ஆகர் மாதிரி பெரிய வேலைகளுக்குக் குறுவை அறுவடை முடிந்து சம்பா தொடங்குவதற்கு முன் கிடைக்கிற இடைவெளிதான் தோது. தை பிறந்துவிட்டால் மெக்கானிக்கைப் பிடிப்பதே தனி வேலை.